விரல் இடுக்குத் துணி

தீக்காய வார்டில் நர்ஸாக வேலைக்குச் சேர்ந்த சில நாட்களிலேயே அவளுக்கு நல்ல பேர் கிடைத்துவிட்டது. அவ்வளவு சீக்கிரம் நல்ல பேர் கிடைத்தால் சந்தேகப்பட வேண்டும். இருபத்திரண்டு வயதில் யார் சந்தேகப்படுகிறார்கள்?

மூன்றாம் கட்டில் அவள் பொறுப்பு. எண்ணெய்ச் சட்டி கவிழ்ந்து வலது கை வெந்துபோன தையல்காரம்மா. ஒவ்வொரு விரலையும் தனியாகச் சுற்றி, இடுக்கில் மருந்துத் துணி வைத்து, மேலே மொத்தமாக ஒரு கட்டுப் போட வேண்டும்.

"கத்துவாங்க, கத்தட்டும். ஒரு விரல் இன்னொண்ணைத் தொடக்கூடாது" என்றார் தலைமை நர்ஸ். என்ன கல்நெஞ்சு என்று நினைத்துக்கொண்டாள்.

தையல்காரம்மா கத்தவில்லை, கெஞ்சினாள். "இடுக்குல மட்டும் கை வைக்காத கண்ணு, உயிர் போகுது."

அவளுக்கு மனசு கேட்கவில்லை. இடுக்குத் துணியை விட்டுவிட்டு, நான்கு விரல்களையும் சேர்த்தே மெல்லச் சுற்றினாள். மேல்கட்டுப் போட்டபின் யார் கண்டார்கள்? பத்து நாளும் இதே கதை. "இவ கட்டினா வலியே தெரியல" என்று தையல்காரம்மா வார்டு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். இவளுக்கோ தலைகால் புரியவில்லை.

பதினோராம் நாள் டாக்டர் அவிழ்த்துப் பார்த்தார். நான்கு விரல்களும் ஒட்டிப்போயிருந்தன.

"வெட்டித்தான் பிரிக்கணும். தொடையிலேருந்து தோல் எடுத்து வைக்கணும். அப்புறமும் ஊசி பிடிப்பாங்களான்னு சொல்ல முடியாது" என்றார் வெளியே வந்து.

அவர் போனதும் தலைமை நர்ஸ் இவள் பக்கம் திரும்பினார். "நல்லவள்னு பேரு உனக்கு. விரலு அவங்களுது." அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அறுவை சிகிச்சை முடிந்தது. காயம் கொஞ்சம் ஆறியதும் மறுபடி கட்டுவது அவள் பொறுப்புக்கே வந்தது. "என் நேரம், ஒட்டிக்கிச்சு" என்று தையல்காரம்மா சொன்னபோது அவளால் பொறுக்க முடியவில்லை.

"நேரம் இல்லம்மா. நான்தான். இடுக்குல துணி வைக்காம சேத்துக் கட்டினேன். அதான் ஒட்டிக்கிச்சு."

தையல்காரம்மா அவளையே வெறித்துப் பார்த்தாள். கன்னத்தில் அறை விழும் என்று அவள் காத்திருந்தாள். விழுந்தால் நிம்மதி என்றும் இருந்தது. விழவில்லை. முதல் இடுக்கில் துணியை நுழைத்ததும் தையல்காரம்மா இடது கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரு நாள் மட்டும் பழையபடி கட்டிடு கண்ணு. ஒரே ஒரு நாள்."

"முடியாதும்மா" என்று கையை விடுவித்துக்கொண்டு அடுத்த இடுக்குக்குப் போனாள். அன்று மூன்றாம் கட்டிலின் அலறல் வாசல்வரை கேட்டது.