பாயிண்ட் போனவளுக்கு எதற்குக் கைதட்டு?

பக்கத்து வீட்டுச் செல்வி அக்காவின் உள்ளங்கை சிவந்திருந்தது. பந்து அடித்துச் சிவந்தது என்றுதான் நினைத்தேன்.

வாலிபாலுக்கு ஓர் ஆள் குறைகிறதென்று, தையல் கடையிலிருந்த என்னைச் சீவலப்பேரி மைதானத்துக்கு இழுத்துப் போனாள்.

நான் போட்ட முதல் பந்தே வலையில் விழுந்தது. திட்டப் போகிறார்கள் என்று தலைகுனிந்தேன். ஐந்து பேரும் ஓடிவந்து என் கையில் தட்டினார்கள்.

"பாயிண்ட் போச்சேக்கா, எதுக்குத் தட்டுதீங்க?"

"போனாத்தாம்ட்டி தட்டணும். பயப்படாத."

கடையில் தையல் பிசகினால் யாரும் தட்டியதில்லை.

அடுத்து எதிரணிப் பெண் போட்ட பந்து கோட்டுக்கு வெளியே போனது. அவள் முகம் வாடிவிட்டது. நான் வலைக்கு அடியில் குனிந்து போய்க் கையை நீட்டினேன்.

"ஏட்டி, அவ அந்தப் பக்கத்து ஆளு!" என்று கத்தினாள் செல்வி அக்கா.

யாருக்குத் தட்டலாம், யாருக்குக் கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

அவள் வந்து தட்டும்வரை நீட்டிய கையோடு அங்கேயே நின்றேன்.