செல்வத்தின் சைக்கிள் மணி

இன்று காலை பால் வாங்கப் போகையில் பின்னால் ஒரு சைக்கிள் மணி உடைந்த குரலில் கரகரத்தது. திரும்பிப் பார்க்காமல் ஓரமாக ஒதுங்கி நின்றுவிட்டேன்.

அந்தக் காலத்தில் நெய்வேலியில் என் சிநேகிதி வசந்தாவின் அப்பாவுக்கு செகண்ட் ஷிஃப்ட் வரும் வாரம்தான் எங்களுக்குச் சாயங்கால நடை. இரவு பத்து வரை அவர் மைன்ஸில் இருப்பார். பிளாக்கைச் சுற்றிய ரோட்டில் பெண்கள் ஜோடி ஜோடியாக நடப்போம். பையன்கள் பின்னாலேயே சைக்கிளில் மெதுவாக வருவார்கள். நாங்கள் திரும்பக் கூடாது. நேராகப் பார்த்தபடியே பேச வேண்டும். வசந்தாவின் செல்வம் வந்துவிட்டான் என்பதை அந்த உடைந்த மணிதான் சொல்லும்.

அன்று மணி கேட்டதும் வசந்தா சிரித்தாள். "ஏன் இவ்ளோ லேட்டு? எங்கப்பா ஷிஃப்ட்டுக்குப் போயி எவ்ளோ நேரமாச்சு!"

மறுபடியும் மணிதான் அடித்தது. நான்தான் முதலில் திரும்பினேன்.

செல்வத்தின் சைக்கிள்தான். ஓட்டி வந்தவர் அவளுடைய அப்பா. அவர் சட்டையில் இரண்டு பொத்தான்கள் அறுந்திருந்தன.

"ஏறும்மா, வூட்டுக்குப் போலாம்" என்றார், அத்தனை சாந்தமாக.

வசந்தா கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். பிறகு அவளை நான் பார்க்கவேயில்லை. அந்த சைக்கிள் மட்டும் அவர்கள் குவார்ட்டர்ஸ் சுவரில் மாதக்கணக்கில் சாய்ந்து நின்றது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை.