ஓர் எழுத்து மிஞ்சிய மனிதர்

பக்கவாதம் என் மாமனாரின் வலது கையையும் காலையும் முடக்கியது. பேச்சில் ஓர் எழுத்தை மட்டும் விட்டுவைத்தது. பசித்தாலும் வலித்தாலும் யாராவது வந்தாலும் ‘பா’ என்பார். அவர் சைகோன் வரை போய்வந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. எங்கள் வீட்டுக் கட்டிலில் அவருக்கு அது இரண்டாவது மழைக்காலம்.

பிரெஞ்சில் ‘பா’ என்றால் மறுப்பு. எங்கள் ஊர்த் தமிழில் அது செல்லமான விளி. மகளையும் ‘வாப்பா’ என்றுதான் கூப்பிடுவோம். காலையில் என் மனைவி துணியை விலக்கி அவர் உடம்பைத் துடைக்கும்போது ‘பா, பா’ என்று விடாமல் சொல்வார்.

“என்னை எப்படிக் கூப்பிடுறாரு பாருங்க,” என்பாள் அவள். அதில் அவளுக்குப் பெருமை.

அதே பட்டாளத்தில் இருந்த என் மைத்துனர் விடுப்பில் வந்தார். இரண்டு நாள் பார்த்தார். மாமாவின் முதுகில் படுக்கைப்புண் தொடங்கியிருந்தது. கன்னியாஸ்திரீகளான மதர்மார் நடத்தும் முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றார்.

“ஊர்ல என்ன சொல்லுவாங்க? பெத்தவரைத் தள்ளிட்டான்னு எம்மூஞ்சியிலதான் துப்புவாங்க,” என்றாள் மனைவி.

“ஊரா வந்து புரட்டிப் போடுது? அவரு வேணாம் வேணாம்னு பிரெஞ்சுல கத்துறாரு, நீ பாட்டுக்குத் தொடைச்சிக்கிட்டே இருக்க.”

“எங்கிட்ட என்னைக்கு அவரு பிரெஞ்சு பேசினாரு? உனக்கு மட்டும் காதுல அப்படி உழுது.”

மைத்துனர் நேராக அப்பாவிடமே குனிந்தார். “மதர்ங்ககிட்ட போறீங்களாப்பா?”

“பா.”

“கேட்டியாண்ணா? உன் பிரெஞ்சுலயே வேணாம்னுட்டாரு,” என்றாள் அவள்.

“இது என்னைக் கூப்பிடுறாரு,” என்றார் அவர்.

ஒரு நிமிடத்துக்குள் அண்ணனும் தங்கையும் அந்த எழுத்தின் பொருளை மாற்றிக்கொண்டதைக் கவனித்தேன். இருவருமே பொய் சொல்லவில்லை. அவரவருக்கு வேண்டிய பதில் அவரவருக்குக் கேட்டது.

பத்திரிகை வேலையில் ஒரே கேள்வியை எதிர்ப்பக்கமிருந்தும் கேட்கப் பழகியிருந்தேன். வேண்டாத காப்பியை மாமா இடது கையால் தள்ளுவதையும் பார்த்திருக்கிறேன். அவருடைய மறுப்பு வாயில் இல்லை, கையில் இருந்தது. முதலில் எனக்கு விடை தெரிந்ததையே கேட்டேன்.

“மாமா, இப்ப நாம சைகோன்ல இருக்கமா?” கை போர்வையைத் தள்ளியது. “புதுச்சேரியிலயா?” கை அசையவில்லை.

“மதர்ங்ககிட்ட போறீங்களா?” அசையவில்லை.

“இங்கியே இருக்கீங்களா?” தள்ளினார்.

மனைவி சுவரில் சாய்ந்துவிட்டாள். “நான் என்ன கொறை வச்சேன்?”

அதையே கேட்டேன். சாப்பாடு பிடிக்கவில்லையா? தள்ளினார். வீட்டில் சத்தமா? தள்ளினார்.

“அவ குளிப்பாட்டுறது கஷ்டமா இருக்கா?”

கை போர்வையை இறுகப் பிடித்துக்கொண்டது. “அவளே குளிப்பாட்டட்டுமா?” பிடி விட்டது, போர்வை இடுப்பு வரை இறங்கும்படி தள்ளினார். மனைவி ஓடிப்போய் அதை இழுத்து மூடினாள். மகள் முன் உடம்பு திறந்து கிடப்பதுதான் அவருக்குக் கூச்சம் என்று மூடிய பிறகுதான் அவளுக்குப் புரிந்தது.

“ஆம்பள ஒருத்தர் வந்து குளிப்பாட்டினா இங்கியே இருப்பீங்களா?” கை அசையவில்லை. “அப்பவும் மதர்ங்ககிட்டதான் போவீங்களா?” தள்ளினார். இனிக் கேட்க எனக்கு ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரியில் வார்டு வேலை பார்த்து ஓய்ந்த ஒருவர் குருசுக்குப்பத்தில் இருந்தார். மறுநாளே வந்தார். “முசே, வலப்பக்கம் திருப்பப் போறேன்” என்று பிரெஞ்சு மரியாதையோடு முன்கூட்டிச் சொல்லிவிட்டே கை வைத்தார். மாமா ‘பா’ என்றார், ஒரே தடவை.

மனைவி சாத்திய கதவுக்கு வெளியே நின்றாள். மகள் செய்யவேண்டிய கடமையை அந்நியருக்கு விட்டுக்கொடுத்ததாகவே அவள் முகம் இருந்தது. அவர் வேலை முடித்துப் போனதும் என்னிடம் வந்தாள்.

“சோறு ஊட்டுறதையாவது விட்டு வைப்பாரா? கேட்டுச் சொல்லுங்க.”

“நீயே கேளு,” என்றேன்.

இத்தனை மாதங்களில் அவள் அவரிடம் எதையும் கேட்டதில்லை, செய்துகொண்டே இருந்தாள். கட்டிலருகே உட்கார்ந்தாள்.

“சோறு ஊட்டவும் வேற ஆளு வைக்கட்டுமாப்பா?”

கை போர்வையைத் தள்ளியது. அவள் நம்பாமல் திரும்பக் கேட்டாள். இந்த முறை இன்னும் வேகமாகத் தள்ளினார்.