பெரியவள் வாங்கிக் கொடுத்த படகு

அப்பாவுக்கு அந்த ரிமோட் படகை வாங்கி அனுப்பியது அக்கா. சிவப்பு நிறம், முழங்கை நீளம், ரிமோட்டில் திருப்புவதற்கு ஒரு குட்டிச் சக்கரம். அப்பா முப்பது வருடம் திண்டுக்கல்லில் டவுன் பஸ் ஓட்டியவர். ரிட்டையர் ஆனபின் அவர் கைக்குத் திருப்ப ஒன்றும் இல்லை என்பது பெங்களூரில் இருக்கிற அக்காவுக்குத் தோன்றியிருக்கிறது. அதே வீட்டில் ஒன்பது வருடமாக அவரோடு இருக்கும் எனக்குத் தோன்றவில்லை. பார்சலைப் பிரித்த அன்றே எனக்கு வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

கல்யாணம் எனக்கு ஒத்துவராமல் திரும்பி வந்தவள் நான். ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்பாவின் சர்க்கரை மாத்திரை, சோற்றுக்கு உப்புக் குறைத்த வெஞ்சனம், மாதாமாதம் ஆஸ்பத்திரி எல்லாம் என் பொறுப்பு. படகு வந்தபின் இன்னும் இரண்டு வேலை சேர்ந்தது. ஞாயிறு காலையில் அதன் பேட்டரியைச் சார்ஜில் போட வேண்டும். சாயங்காலம் அவரையும் படகையும் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே அகரம் கிராமத்துக்குப் பக்கத்துக் குளத்துக்குப் போக வேண்டும். கரையில் யாராவது நின்று வேடிக்கை பார்த்தால் போதும், "எம் பெரிய மக வாங்கிக் குடுத்தது" என்பார். கூட்டிவந்த நான் பக்கத்தில்தான் நிற்பேன்.

மழைக்காலம் முடிந்து குளம் நிறைந்திருந்த நேரத்தில் அக்கா நான்கு நாள் லீவில் வந்தாள். வெயிலில் வெளியே போகாதீர்கள் என்று நான் தடுத்து வைத்திருக்கிற மனிதர், நடுப்பகலில் பிரியாணிக் கடை வரிசையில் தானே போய் நின்று வாங்கிவந்தார். "பெரியவளுக்கு நெஞ்செலும்பு புடிக்கும்" என்று துண்டைத் தேடித் தேடி அவள் இலையில் வைத்தார். எனக்கு என்ன பிடிக்கும் என்று அவருக்குத் தெரியுமா என்று யோசித்துக்கொண்டே சாப்பிட்டு முடித்தேன்.

ஞாயிறு காலை பேட்டரியைக் கையில் எடுத்தேன். போன வாரம் ஓடியதில் மிச்சம் கொஞ்சம் இருக்கும். அதைச் சார்ஜில் போடாமல் அப்படியே படகுக்குள் வைத்து மூடினேன். படகு கெட்டுப்போக வேண்டும் என்று நினைக்கவில்லை. கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிட வேண்டும், அக்கா கொண்டுவந்த சந்தோஷம் அன்று ஒரு நாள் குறைய வேண்டும். அவ்வளவுதான் என் ஆசை.

"சார்ஜ் போட்டாச்சா?" என்று அப்பா கேட்டார்.

"ஆச்சுப்பா" என்றேன்.

குளத்துக்கு ஆட்டோவில் போனோம். அப்பா ரிமோட்டை அக்கா கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டார். "பதறாத ஆத்தா. சக்கரத்த மெதுவா ஒடி. இன்னும் ஒடி. அம்புட்டுத்தான்!" ஒருநாள்கூட அவர் அதை என்னிடம் நீட்டியதில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டால் மதிப்புக் குறைந்துவிடும் என்று எண்ணம்.

படகு நடுக்குளம் வரை போய்த் தயங்கியது. பிறகு நின்றது. காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஆகாயத்தாமரைப் புதரில் செருகியது.

"நா ஒண்ணும் பண்ணலியேப்பா" என்றாள் அக்கா. ஐந்தாம் வகுப்பில் பேனாவைத் தொலைத்தபோது இருந்த முகம். எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் இனித்தது.

கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் உதவிக்கு வந்தார். முள்ளைப் படகின் மேல் மாட்டி இழுத்துவிடலாம் என்று இரண்டு தடவை வீசினார். தூண்டில் நரம்பு பாதித் தூரத்திலேயே விழுந்தது.

"விடுங்கப்பா, வேற வாங்கித் தாரேன்" என்றாள் அக்கா.

அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். எழுபத்திரண்டு வயது, வலது முழங்காலில் தேய்மானம். நாலாவது எட்டில் சேறு வழுக்கி, இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்துவிட்டார். தூண்டில்காரர் பாய்ந்து போய்த் தோளைப் பிடித்தார்.

அடுத்த நிமிடம் துப்பட்டாவைக் கழற்றி எறிந்துவிட்டு, படகை எடுக்கச் சுடிதாரோடு நான் இறங்கிவிட்டேன். "நீ போவாத!" என்று அப்பா கத்தியது கேட்டது.

நீச்சல் எனக்கு வரும். சின்ன வயதில் அப்பா கிணற்றில் பழக்கியது. படகை எட்டிப் பிடித்தபோது மூச்சு வாங்கியது. ஒரு கையால் அதை அழுத்திப் பிடித்தேன். இன்னும் கொஞ்சம் அழுத்தினால் போதும், தண்ணீர் ஏறி மோட்டார் போய்விடும், யாருக்கும் தெரியாது என்று அப்போதுகூட ஒரு நினைப்பு வந்தது. திரும்பிப் பார்த்தேன். கரையில் அக்கா அப்பாவின் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தாள். அவர் கையை நெற்றிமேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்க்கிறாரா, படகைப் பார்க்கிறாரா என்று அந்தத் தூரத்தில் தெரியவில்லை.

காலை உதைத்துக் கரைக்குத் திரும்ப முயன்றேன். கால் வரவில்லை. வேர்கள் கணுக்காலைச் சுற்றியிருந்தன. உதைக்க உதைக்க இறுகின. வாய்க்குள் தண்ணீர் போனது. பயந்துவிட்டேன். படகைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கி, ஒவ்வொரு வேராகப் பிய்த்தேன். பிறகு மல்லாந்து, படகை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு கரைக்கு வந்து சேர்ந்தேன்.

நான் நீட்டிய படகை அப்பா வாங்கிக்கொள்ளவில்லை. குனிய முடியாதவர் குனிந்து, என் காலில் ஒட்டியிருந்த வேரை உருவிப் போட்டார். அக்கா என்மேல் துப்பட்டாவைப் போர்த்தினாள். அழுதிருந்தாள்.

"எனக்கும் நீச்சல் பழக்கிருந்தா நா போயிருப்பேன்" என்றாள் அப்பாவைப் பார்த்து. "இவள மட்டும்தான கெணத்துக்குத் தூக்கிட்டுப் போவீங்க. நா வீட்ல உக்காந்து எத்தன நாள் அழுதுருக்கேன் தெரியுமா?"

எனக்குத் தெரியாது. அவளுக்குத் தண்ணீரென்றால் பயம் என்றுதான் வீட்டில் சொல்வார்கள். அவள் என்னைப் பார்த்துப் பொறாமைப்பட ஏதாவது இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. அதற்குமேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"அப்பா, நா சார்ஜ் போடல."

"மறந்துட்டியா?"

"இல்ல. வேணும்னுதான் போடல."

தூண்டில்காரர் தன் இடத்துக்குப் போய்விட்டார். அக்கா என்னையே பார்த்தாள். அப்பா, "நா விழுந்தது கெடக்கட்டும். நீ அந்த வேருக்குள்ள மாட்டிருந்தா நா என்ன செய்வேன்?" என்றார்.

அக்கா இரண்டு நாள் என்னிடம் சரியாகப் பேசவில்லை. ஸ்டேஷனில் ரயில் ஏறும்போதுதான், "எம்மேல கோவம்னா எங்கிட்டச் சண்டை போடு. அப்பாவத் தண்ணிக்குள்ள எறக்காத" என்றாள். அவள் சொன்னது நியாயம்தான்.

போன மாதம் அவள் பெங்களூரில் நீச்சல் வகுப்பில் சேர்ந்துவிட்டாள், நாற்பத்தெட்டு வயதில். கண்ணாடியும் தொப்பியும் மாட்டிக்கொண்டு நீச்சல்குளத்தின் ஓரத்தைப் பிடித்துக் காலடிக்கும் வீடியோ ஒன்றை அனுப்பினாள். அப்பா அதை மாடி வீட்டுக்காரர், பால்காரர், மருந்துக்கடைக்காரர் எல்லோரிடமும் காட்டிவிட்டு வந்து, திரும்ப ஒரு தடவை போட்டுப் பார்த்தார்.

"மூச்சு விடவே தெரியல அவளுக்கு" என்றேன்.

"போகப் போக வந்துரும்" என்றார் அப்பா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.