கடலோர வீட்டுக்குச் சேந்தமங்கலத்துத் தேக்கு

போன செப்டம்பரில் ஒரே நாளில் கடலூரிலிருந்து சேந்தமங்கலம் போய் வந்தேன். பழைய வீடுகளைப் பிரித்தெடுத்த தேக்குப் பலகை வாங்கத்தான். கடலோர வீடுகளுக்கு மரத்தரை பதிப்பது என் தொழில். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்களே, அதுபோல என் வீட்டில் மட்டும் டைல்ஸ். அந்த டைல்ஸால்தான் இந்தப் பயணம்.

என் மனைவி ஸ்டெல்லாவுக்குப் புற்றுநோய். மருந்து ஏற்றி ஏற்றி, குளிர்ந்த தரையில் பாதம் பட்டாலே ஊசி குத்துகிற மாதிரி வலி வந்துவிட்டது. கடற்கரை வீட்டில் டைல்ஸ் எப்போதும் ஈரம் பாரித்துக் கிடக்கும். செருப்புப் போட்டால் வழுக்கியது. இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்ட பிறகு அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஊருக்கெல்லாம் போடுறீங்க. நம்ம ரூம்லயும் போட்டுக் குடுங்க. கட்டில்ல இருந்து ஜன்னல் வரைக்கும் வெறுங்காலோட நடக்கணும்."

காலை நான்கு மணிக்கு பஸ். விருத்தாசலம், ஆத்தூர் வழியாகச் சேலம் சேர ஒன்பதே முக்கால் ஆனது. ஆத்தூர் தாண்டியதும் கழுத்துப் பிசுபிசுப்பு போய்விடும். இந்த வறண்ட காற்றில் மரம் நன்றாகக் காயும் என்பதால்தான் இவ்வளவு தூரம் வருகிறேன். ஸ்டெல்லா பிறந்த ஊர் சேலம். அவள் அக்கா வீடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான். நான் போகவில்லை. தங்கச்சி எப்படி இருக்கிறாள் என்று கேட்டால் அங்கேயே அழுதிருப்பேன்.

ராசிபுரத்தில் பஸ் மாறினேன். இங்கே வந்தால் அரைக் கிலோ நெய் வாங்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்பது பழைய சட்டம். இந்த முறை ஸ்டெல்லாவே வேண்டாம் என்றிருந்தாள், நெய் வாசனை குமட்டுகிறதாம். கடையைப் பார்க்காமல் சேந்தமங்கலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன்.

மரக்கிடங்கு நடத்தும் சரோஜாக்காவுக்கு என்னைப் பல வருடமாகத் தெரியும்.

"எப்பப் பதிக்கறீங்க?"

"நாளைக்கு."

அவர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, ஒரு மாசம் ஊட்டுக்குள்ளயே அடுக்கி வெச்சாத்தான் பலகை கடல்காத்துக்குப் பழகும்னு நீங்கதான சொன்னீங்க? வாரவீங்களுக்கெல்லாம் நானும் அதையத்தான் சொல்லிட்டிருக்கறேன்."

உண்மைதான். இங்கே காய்ந்த மரம் அங்கே போய் ஈரத்தைக் குடித்து உப்பும். அது உப்பி அடங்குவதற்குள் பதித்தால் பலகைகள் ஒன்றையொன்று நெருக்கி மேலே எழும்பிவிடும். அவசரக்காரர்களின் வேலையே வேண்டாம் என்று எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியவன் நான்.

"இது எங்க வீட்டுக்குக்கா. வெறுங்கால்ல நடக்கணும்கிறா. அவளுக்கு ஒரு மாசம் இருக்குமான்னு தெரியலை."

சரோஜாக்கா ஏற்றத் தயாராக இருந்த அடுக்கைப் பிரிக்கச் சொல்லி, ஒவ்வொரு பலகையையும் உள்ளங்கையால் தடவிப் பார்த்தார். சொரசொரப்பானதையெல்லாம் ஒதுக்கினார். நடுவில் அவர் கையிலேயே ஒரு மரச் சிலாம்பு குத்தி ஏறியது. பிடுங்கிப் போட்டுவிட்டு அடுத்த பலகையை எடுத்தார்.

"அம்மிணி கால்ல ஏறக்கூடாதுங்க" என்றார்.

மினி லாரி வாடகை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. மூன்று மணிக்குக் கிளம்பி ஒன்பதரைக்கு வீடு வந்தோம். ஸ்டெல்லா தூங்காமல் இருந்தாள். ஒரு பலகையை முகர்ந்து பார்த்தாள்.

"நல்லாக் காஞ்சிருக்கு. அப்ப ஒரு மாசம் வைக்கணுமே?"

"இது வேற மரம். உடனே போடலாம்."

மரத்தரைக்காரன் பெண்டாட்டிக்கு அந்தப் பொய் தெரியாதா? "சரி, போடுங்க" என்றாள்.

இரண்டு நாளில் பதித்து எண்ணெய் பூசினேன். மறுநாள் காலையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் வரை நடந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். அதன் பிறகு தினமும் நடந்தாள், சில நாள் இரண்டு முறை. பலகை பழகுவதற்கான மாதம் முடியுமுன் அவள் போய்விட்டாள். நவம்பர் மழையில் ஜன்னலோரம் தரை மேடு தட்டி எழும்பியது. பிரித்துச் சரி செய்யலாம் என்று என் ஆட்கள் சொல்கிறார்கள். நான் விடவில்லை. காலையில் அந்த மேட்டில்தான் போய் நிற்கிறேன்.

பலகை வாங்கப் போகிறவர்களுக்கு: ராசிபுரத்தில் பஸ் மாறுவது சுலபம். ஆணி பிடுங்கிய பலகையாகக் கேளுங்கள். ஒரு காந்தமும் கொண்டுபோங்கள், உள்ளே முறிந்த ஆணி இருந்தால் காட்டிக்கொடுக்கும். பதிக்கப்போகும் அறையிலேயே பலகைகளை இடையில் காற்றுப் போக மெல்லிய ரீப்பர் கட்டை கொடுத்து அடுக்குங்கள். பதிக்கும்போது சுவரோரம் விரல் கனம் இடம் விடுங்கள். அடுக்கிய பிறகு ஒரு மாதம் தொடாதீர்கள். வீட்டில் யாராவது அவசரப்படுத்தினால், ஏன் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். காரணம் ஒன்றும் இல்லையென்றால் சந்தோஷமாகக் காத்திருங்கள்.