தீவிரவாதத்துக்கு மட்டும் போடாத இன்சூரன்ஸ்

என் குடோனுக்கு இன்சூரன்ஸ் போட வந்தவன் என் மச்சினன். குடோனில் இருந்தது மிளகாய் வத்தல். படிவத்தில் தீ, வெள்ளம், கலவரம் எல்லாவற்றையும் வாசித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரியில் நின்றான்.

"அத்தான், தீவிரவாதத்துக்கும் சேத்துப் போட்டிருவோம். கொஞ்சந்தான் கூட வரும்."

"எந்தத் தீவிரவாதி மாப்ள மெனக்கெட்டு நம்ம ஊருக்கு வாரான்? வந்தாலும் வத்தலையா எரிப்பான்?"

அவன் பொறுமையாக விளக்கினான். குண்டு வெடித்து வரும் நஷ்டத்தை எந்தக் கம்பெனியாலும் தனியாகத் தாங்க முடியாதாம். அதனால் எல்லாக் கம்பெனிகளும் ஒரு பொது நிதியில் பணம் போடுகின்றன. அதை அரசாங்கக் கம்பெனி ஒன்று பார்த்துக்கொள்கிறது. நான் இங்கே கட்டினால் டெல்லியில் இடிந்த கட்டடத்துக்கும் அது உதவும். "அப்போ டெல்லிக்காரன் கட்டட்டும்" என்று அந்த வரியை நானே பேனாவால் அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். அரசாங்கத்தையே ஏமாற்றிவிட்ட திருப்தியில் அவனுக்குக் காபி வேறு வாங்கிக் கொடுத்தேன்.

அந்த வருடம் ஆடித்தபசுக்கு முந்தின நாள் மத்தியானம் குடோன் பற்றிக்கொண்டது. வத்தல் எரிந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தெருவே இருமியது. திருவிழாவுக்கு வந்த கூட்டத்தில் யாரோ "விஷ வாயு விட்டுட்டான்" என்று கத்த, மற்றவர்கள் இருமிக்கொண்டே ஓடினார்கள். பந்தோபஸ்துக்கு வந்திருந்த போலீஸ் மோப்ப நாயைக் கூட்டி வந்தது. அது வாசலில் மூன்று முறை தும்மிவிட்டு, யாரும் சொல்லாமலே ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டது. திருவிழா நேரம் என்பதால் சதி வேலையா என்ற கோணத்திலும் விசாரிப்பதாக வழக்கு பதிவானது.

எல்லோரும் என்னை ஒரு மரியாதையோடு பார்த்தார்கள். தீவிரவாதிகள் தேடி வந்து எரிக்கிற அளவுக்கு நான் பெரிய வியாபாரி என்று அதுவரை யாருக்கும் தெரியாது. நஷ்டத்தைக் கணக்கிட வந்த சர்வேயர் மட்டும் மரியாதை காட்டவில்லை. நான் அடித்த வரியைத் தொட்டுக் காட்டினார்.

"இது தீவிரவாதம்னா உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. இல்லைன்னா, இல்லைன்னு நிரூபிக்க வேண்டியது நீங்கதான்."

எரிந்த வத்தலை வாங்கிய கடனுக்காக வங்கியில் அடமானமாக இருந்தது நாங்கள் குடியிருந்த வீடு. மனைவி பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினாள். நான் போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையாய் நடந்தேன். எந்தத் தீவிரவாதிக்கும் என்மேல் கோபமில்லை என்று எழுதித் தரும்படி கேட்டேன். "காரணம் தெரியாம எப்படி எழுத? என்னன்னு தெரிஞ்சா சொல்லும்" என்றார் ரைட்டர்.

எனக்குத் தெரியும். பின்வாசலில் நின்று நான் பிடித்த சிகரெட்தான். போன் வந்த அவசரத்தில் எங்கே போட்டேன் என்று பார்க்கவில்லை. மச்சினனிடம், வேறு யாருக்கோ நடந்தது போல விசாரித்தேன்.

"மொதலாளி கையாலேயே தீ பிடிச்சதுன்னு தெரிஞ்சா, வேணும்னே வெச்சான்னுல்லா கம்பெனிக்காரன் சொல்லுவான். இழுத்தடிச்சிருவான் அத்தான்" என்றான்.

அரசாங்கத்தின் பொது நிதியும் இல்லை, கம்பெனிப் பணமும் இல்லை. வாயைத் திறக்கவும் பயம், மூடவும் பயம். மூன்று வாரம் இப்படியே இருந்தேன்.

நான்காவது வாரம் ரைட்டர் கூப்பிட்டனுப்பினார். என்னிடம் இருபது வருடமாக மூட்டை தூக்குகிறவர் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். தான் போட்ட பீடியில்தான் தீப்பிடித்தது என்று எழுதவைத்துக் கைநாட்டு வைத்திருந்தார். அவர் வெற்றிலை போடுவார். பீடியைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை.

"ஒம்ம ஆளு பீடி குடிப்பாரா?" என்று ரைட்டர் என்னிடம் கேட்டார்.

மூட்டைக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "குடிப்பாரு" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையில் தீவிரவாதிகள் ஊரை விட்டுப் போனார்கள். அஜாக்கிரதை என்று வழக்கு மாறியது. ஈட்டுத் தொகை வந்தது, வீடு தப்பியது. மனைவி பாத்திரங்களை மெதுவாகக் கழுவினாள். நான்தான் சரியாகச் சாப்பிடவில்லை. என்னை நானே அவ்வளவு கேவலமாக அதற்கு முன்பு நினைத்ததில்லை.

கோர்ட்டில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அபராதத்தோடு போயிற்று. நான்தான் கட்டினேன். நீதிபதி, "இனிமேலாவது பீடியை விடுங்க" என்றார்.

"அன்னைக்கே விட்டுட்டேன் அய்யா" என்றார் அவர், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

இருவரும் வெளியே வந்தோம். அவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது என்று தெரியவில்லை. நின்றேன். என் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய் சிகரெட் பெட்டியை எடுத்தது. அவர் அதைப் பார்த்துவிட்டு, வாசல் பக்கம் கண்ணைக் காட்டினார்.

"இங்கன வேண்டாம் அண்ணாச்சி," என்றார் மெதுவாக. "போலீசு நிக்காவ."