உப்புத்தண்ணி பாஸ் பண்ணியது

சார்ஜரைச் சொருகிவிட்டு அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. படகிலிருந்து கரையோடு பேசுகிற சின்ன ரேடியோப் பெட்டி ஒன்று பக்கத்தில் இருந்தது. அதன் மேல் காதைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். ரேடியோவில் யாரும் பேசவில்லை. பேசாத ரேடியோவில்தான் அவளுக்கு வேலை. சூடான எண்ணெயில் தண்ணீர் தெறித்தது போல உள்ளே ஒரு சீற்றம் கேட்டது. சார்ஜரை உருவினாள், நின்றது. சொருகினாள், மறுபடி சீறியது.

"கேக்குதா? காதுக்குள்ள நின்னு கத்துறான். இவன மாட்டிக்கிட்டுப் போனா நீ கூப்பிடுறது கரைக்குக் கேக்கும். கரை சொல்றது உனக்குக் கேக்காது."

எதிரே நின்ற படகுக்காரர் தலையைச் சொறிந்தார். "எனக்கு போன் சார்ஜ் ஏறினா போதுங்கக்கா."

"போதும்னா எதுக்கு இங்க வந்தே? போ, மெயின் ரோட்டுல கொட்டி வச்சு விக்கிறான்."

அவர் போய்விட்டார். அவள் வியாபாரம் செய்யும் அழகு இதுதான்.

ஐம்பதைத் தாண்டியவள். துறைமுகத்தில் அவளுக்கு உப்புத்தண்ணி என்று பெயர். படகில் சார்ஜர் சொருகப் புதிதாக வந்த சாக்கெட் எதுவானாலும் அதைக் கயிற்றில் கட்டிக் கடல்தண்ணீர் வாளிக்குள் தொங்கவிட்டு, எடுத்து வெயிலில் காயவைத்து, மறுபடி முக்கி, பச்சைக் களிம்பு பூக்கிறதா என்று பார்ப்பாள். பூத்தால் அந்தச் சாக்கெட்டுக்கு அவள் வாயால் கிடைக்கும் வசவை இங்கே எழுத முடியாது. அந்தப் பெயரை முதலில் வைத்தவர்கள் மரியாதையாகத்தான் வைத்தார்கள். "உப்புத்தண்ணி பாஸ் பண்ணதா?" என்று கேட்டு வாங்குகிற காலம் ஒன்று இருந்தது.

அவளுடைய சட்டங்கள் கொஞ்சம்தான், ஆனால் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டாள். சாக்கெட்டுக்கு ரப்பர் மூடி வேண்டும். வயரைத் திருகு போட்டு இறுக்க வேண்டும், சும்மா செருகிவிட்டுப் போகக் கூடாது. செம்புக் கம்பிக்கு ஈயம் பூசியிருக்க வேண்டும். பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ். கரையேறும்போது எல்லாவற்றையும் அணைக்க ஒரு சுவிட்ச். காரில் சிகரெட் பற்றவைக்கிற அந்த வட்ட ஓட்டையைப் படகில் கண்டால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "அது ரோட்டுல குலுங்கப் பொறந்தது. அலையில குலுங்கினா ப்ளக்கு தானா கழண்டு பாதி வெளிய தொங்கும். பாதி ஒட்டிக்கிட்டுத் தொங்குறதுதான்டா சூடாகும்."

"பன்னெண்டு வோல்ட்டுதானே, ஷாக்கடிக்காதே" என்பவர்களிடம் அவள் சொல்வது ஒன்றுதான். "அடிக்காது. எரிக்கும்."

எல்லாவற்றையும்விட அவளுக்கு ஆகாதது விளக்கு. சாக்கெட்டின் நெற்றியில் நீலமாக எரிந்துகொண்டே வோல்ட் கணக்குக் காட்டுகிறதே, அது. "தூங்காம முழிச்சிக்கிட்டே இருக்கிறவன் எதையாவது தின்னுக்கிட்டேதான் இருப்பான். ஒரு வாரம் படகு கட்டிக் கெடக்கட்டும், பேட்டரிய நக்கி வச்சிருப்பான்."

இதையெல்லாம் அவள் முன்பு சொல்லிக்கொண்டிருந்தது அத்தான் கடையில். அக்காவின் புருஷன் நடத்தும் படகுச் சாமான் கடை அது. துறைமுக வாசலிலேயே இருக்கிறது. கடைக்குப் பின்னால் கயிற்றுச் சுருளும் பெயின்ட் டப்பாவும் அடைத்துப்போக மிச்சமிருந்த அறையில் அவள் குடியிருந்தாள். கல்யாணம் ஆகவில்லை. யாரும் தீவிரமாகப் பார்க்கவுமில்லை. அவள் வயரிங் வேலைக்கு அவ்வளவு உபயோகமாக இருந்தாள். சாமான் எடுத்துக் கொடுப்பது, படகில் போய் மாட்டிக் கொடுப்பது, பழுது பார்ப்பது எல்லாம் அவள். கல்லாவில் அத்தான். சமையல் அக்கா. மூன்று பேரும் ஒரே மேஜையில்தான் சாப்பிட்டார்கள்.

அத்தான் கெட்டவர் இல்லை, மலிவு பார்ப்பவர். ஒருமுறை நீல விளக்கு சாக்கெட்டும் அதோடு சேர்ந்த சார்ஜருமாகப் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவள் ஒன்றைக் கையில் எடுத்து எடை பார்த்தாள். "உள்ள காத்துதான் இருக்கு அத்தான். திருப்பி அனுப்புங்க."

"உனக்கு எதுதான் புடிச்சிருக்கு? ஆளுங்க இதத்தான் கேக்குறாங்க. பாக்க அழகா இருக்குல்ல?"

"அழகா எரியும்."

பெட்டிகள் திரும்பிப் போகவில்லை. அவளும் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. "இது எங்க கொழுந்தியா பாஸ் பண்ணது" என்று அத்தான் கல்லாவிலிருந்து சொல்வதை அதற்கு முன்பும் சில சாமான்களுக்காக அவள் கேட்டிருக்கிறாள். பின் அறையில் சோற்றைப் பிசைந்தபடி கேட்டிருக்கிறாள். எழுந்து போய் இல்லை என்று சொன்னதில்லை. எந்த வீட்டுச் சோறு என்பது பிசைகிற கைக்குத் தெரியும்.

சிரிச்சமூஞ்சி என்று அவள் பெயர் வைத்திருந்த மனிதர் மழைக்காலத்துக்கு முன்பு கடைக்கு வந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பழைய படகு ஒன்றை வாங்கியிருந்தார். மனைவியோடு அதில் ஊர் ஊராகப் போவது என்று திட்டம். எதைச் சொன்னாலும் சிரிப்பார், திட்டினாலும் சிரிப்பார். அவள் அவருக்கு இரண்டு சாக்கெட்டும் ஒரு சார்ஜரும் எடுத்து வைத்தாள். விளக்கில்லாதவை, மூடியுள்ளவை, பார்க்க லட்சணமில்லாதவை. மாட்டவும் வருவதாகச் சொன்னாள். அதற்குள் ஒரு மீன்பிடிப் படகில் மோட்டார் நின்றுவிட்டது என்று ஆள் வந்து கூப்பிட, சுத்தியையும் மீட்டரையும் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வந்தபோது அவள் எடுத்து வைத்தவை அலமாரியிலேயே இருந்தன.

"வேற எடுத்துக்கிட்டாரு. தானே மாட்டிக்கிறாராம்," என்றார் அத்தான்.

வேறு என்றால் எது என்று அவள் கேட்டிருக்கலாம். மோட்டார் எண்ணெய் முழங்கை வரை ஏறியிருந்தது, குளிக்கப் போய்விட்டாள்.

மழைக்காலம் முடிந்த முதல் நல்ல நாளில் சிரிச்சமூஞ்சியும் மனைவியும் கிளம்பினார்கள். அதுவரை படகு துறையில் கட்டியே கிடந்தது. அவர் வாங்கிப்போன நீல விளக்கு நேராகப் பேட்டரியிலேயே மாட்டப்பட்டு, மழை நாள் முழுக்க விழித்திருந்தது. வெளிக்கடலில் மோட்டாரை நிறுத்தி மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு மறுபடி சாவியைத் திருப்பினால் மோட்டார் முக்கியது, எழவில்லை. காற்று திரும்பியது. ரேடியோவில் கூப்பிட்டார்கள். போனில் சார்ஜ் இல்லை என்று அதையும் சொருகி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்கள். கரையில் கேட்டது. எந்த இடம், எந்த இடம் என்று கரைக்காரர்கள் தொண்டை வறளக் கேட்டார்கள். படகில் கேட்டது சீற்றம் மட்டும்தான். யாருக்கும் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, மிச்சமிருக்கும் பேட்டரியாவது மிஞ்சட்டும் என்று, அவர் ரேடியோவை அணைத்துவிட்டார்.

மீட்புப் படகு தேடிக் கண்டுபிடிப்பதற்குள் பாறையில் மோதிவிட்டார்கள். உயிர் இரண்டும் தப்பின. படகுக்கும் பாறைக்கும் நடுவே அந்த அம்மாளின் கால் சிக்கியது. இப்போது முழங்காலுக்குக் கீழே இல்லை.

கட்டி இழுத்து வரப்பட்ட படகை உப்புத்தண்ணி போய்ப் பார்த்தாள். சாக்கெட்டின் வாய் இளகிக் கோணிக்கொண்டு, பாதி கழன்ற ப்ளக்கோடு ஒட்டிக் கிடந்தது. அதைத் திருகிக் கழற்றிக் கொண்டுவந்து கல்லாமேல் வைத்தாள். அத்தான் அதைத் தொடவில்லை. யாரோ எச்சில் இலையை வைத்தது போலப் பார்த்தார்.

அடுத்த வாரம் சிரிச்சமூஞ்சி கடைக்கு வந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு இல்லாததால் அவளுக்கு முதலில் ஆள் தெரியவில்லை. சண்டை போடவில்லை, சத்தம்கூடப் போடவில்லை. நேராக அவளிடம் வந்து நின்றார்.

"நீங்க பாஸ் பண்ணதுன்னு சொன்னதாலதானேம்மா வாங்கினேன்."

"நான் எடுத்து வச்சது இது இல்லீங்க. இத நான் கையால தொட்டுக் குடுக்கல. அத்தான், சொல்லுங்க."

அத்தான் அலமாரியின் பக்கம் திரும்பி ஏதோ தேடினார். அங்கே தேடுவதற்கு ஒன்றுமில்லை. சிரிச்சமூஞ்சி அக்காவைப் பார்த்தார். பின்வாசலில் ஈரக்கையோடு நின்ற அக்கா, துடைக்கத் துணியைத் தேடியபடியே சொன்னாள்:

"சாமானெல்லாம் அவதாங்க பாத்துக் குடுக்கிறவ. எங்களுக்கு அதுல என்ன தெரியும்?"

தண்ணீரில் விழுந்த திருகாணி போல இருந்தது அந்தப் பேச்சு உப்புத்தண்ணிக்கு. விழுந்தது தெரிகிறது, இனி எடுக்க முடியாது.

அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினாள். யாரும் போ என்று சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. இப்போது இருப்பது ஐஸ் ஃபேக்டரியின் பின்சுவரை ஒட்டிய தகரக் கொட்டகை. சுவர் எப்போதும் வேர்த்திருக்கும். உப்புத்தண்ணி பாஸ் பண்ணதா என்று இப்போதும் துறைமுகத்தில் கேட்கிறார்கள். ஓட்டைப் படகையோ பஞ்சரான டயரையோ காட்டிக் கேட்டுவிட்டுச் சிரிக்கிறார்கள். நம்பி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிற ஒன்றிரண்டு பேரையும் அவளே கத்தித் துரத்திவிடுகிறாள். கடை என்னவோ நன்றாகத்தான் நடக்கிறது. நீல விளக்கு விற்றுத் தீர்ந்து, இப்போது பச்சை விளக்கு வந்திருக்கிறது.

இந்த மாதம் அக்கா வந்தாள். பட்டப்பகலில், தலையில் முக்காடிட்டு, யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பித் திரும்பிப் பார்த்தபடி கொட்டகைக்குள் நுழைந்தாள். உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே பேசினாள். மூத்த மகன் சுற்றுலாப் படகு ஒன்று வாங்கியிருக்கிறானாம். மருமகளும் கூடவே போகப்போகிறாளாம். மருமகள் முழுகாமல் இருக்கிறாளாம்.

"நீயே பாத்து நல்லதா மாட்டிக் குடுடீ. சாக்கெட்டு, சார்ஜரு, எல்லாம்."

"கடையிலதான் குமிஞ்சு கெடக்கே."

"அது வேண்டாம்."

"ஏன் வேண்டாம்?"

அக்கா வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"ஏன்க்கா வேண்டாம்? பச்சையா அழகா எரியுமே?"

"குத்திக் காட்டாத. எனக்கென்ன தெரியும்? நீ வேண்டாம் வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருப்பியே, அது காதுலயே கெடக்குது." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "அன்னிக்கு நான் வேற என்ன சொல்ல முடியும், நீயே சொல்லு. அவரு பக்கத்துல நிக்கிறாரு."

"நானும் பக்கத்துலதான் நின்னேன்."

கொட்டகைச் சுவரிலிருந்து ஒரு சொட்டு இறங்கித் தரையில் விழுந்தது. ஈரத்தை மிதிக்காமல் அக்கா காலை நகர்த்தி வைத்தாள்.

மறுநாள் அத்தான் சரக்கெடுக்கப் போயிருந்த நேரமாகப் பார்த்து அக்கா அவளைப் படகுக்கு அழைத்துப் போனாள். உப்புத்தண்ணி நேராக வேலையில் இறங்கினாள். தன்னிடம் இருந்ததிலேயே நல்ல சாக்கெட்டுகளை எடுத்து வந்திருந்தாள். மற்றவர்களுக்குக் காட்டாமல் வைத்திருந்தவை. ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டிப் போட்டாள். வயரை வளைவில் கட்டி, ஒவ்வொரு திருகையும் இறுக்கி, இழுத்துப் பார்த்து, மறுபடி இறுக்கினாள். வேண்டாதவர் வீட்டு வேலை என்று ஒரு சுற்றுக்கூடக் குறைக்கவில்லை. குறைக்கலாமா என்று ஒரு நொடி விரல் நின்றது. நின்றதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்து, இன்னும் பலமாக இறுக்கினாள். எதிர் இருக்கையில் அக்கா கைகளை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்திருப்பவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

"பயம் இல்லையே?"

"இதுல இல்ல."

"வீட்டுக்கு வாயேன். அந்த ரூம்பு அப்படியேதான் இருக்கு. அவருகிட்ட நான் பேசுறேன்."

அவள் மீட்டரின் வயரைச் சுற்றிப் பைக்குள் வைத்து, பையின் வாரை இறுக்கினாள்.

"அவருகிட்ட இத நீ மாட்டினேன்னு மட்டும் சொல்லிடாத," என்றாள் அக்கா, குரலைத் தாழ்த்தி.

உப்புத்தண்ணி துறைப்பலகைக்கு எட்டிக் கால் வைத்து ஏறிவிட்டாள். படகு விலகி ஒரு முழ இடைவெளி விட்டது; நடுவே தண்ணீர் சளசளத்தது. அக்காவுக்கு அந்த இடைவெளியைத் தாண்ட எப்போதும் பயம். படகின் விளிம்பில் நின்றபடி உள்ளங்கையை விரித்து நீட்டினாள். உப்புத்தண்ணி பையைக் கீழே வைத்தாள். குனிந்தாள். நீட்டிய அந்த உள்ளங்கையை விட்டுவிட்டு, மணிக்கட்டை எட்டிப் பிடித்து, சரக்கு மூட்டையை இழுப்பது போல ஒரே இழுப்பில் மேலே ஏற்றினாள். அக்காவின் இரண்டாவது கால் பலகையில் பட்டதும் பிடியை விட்டுவிட்டாள்.